விடியலில் பாடும் கரிச்சான்

பொழுது இன்னும் விடியவில்லை. காகம்கூடக் கரையவில்லை. அதற்குள் கொல்லைப்புறத்து மர உச்சியில் இனிய சீட்டி ஒலி கேட்கிறது. புல்லாங்குழல் வாசிப்பதுபோல அது ஏறுகிறது, இறங்குகிறது.

பாடுவது யார்? குண்டுக் கரிச்சான்!

கறுப்பும் வெள்ளையும்

இந்தக் குருவி மைனாவைவிடச் சிறியது. நீளம் சுமார் 8 அங்குலம். ஆண் குருவிக்குத் தலை, மார்பு, முதுகு எல்லாம் மினுமினுக்கும் கறுப்பு. வயிறு வெள்ளை. இறக்கையில் நீண்ட வெள்ளைப் பட்டை. பெண் குருவிக்கோ கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறம்.

அடிக்கடி வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும். இதுதான் சரியான அடையாளம்.

கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் கரிச்சான் வேறு பறவை. அது முழுக் கறுப்பு. அதன் வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும்.

எங்கே வசிக்கிறது?

இதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம். தோட்டம், தோப்பு, கிணற்றடி எங்கும் இருக்கும். தரையில் தத்தித் தத்திச் சென்று பூச்சி, புழுக்களைத் தின்னும். தோட்டக்காரருக்கு இது நண்பன்.

வங்கதேசத்தின் தேசியப் பறவை இதுதான்.

பாட்டு எதற்கு?

கூடு கட்டும் காலத்தில்தான் ஆண் குருவி அதிகம் பாடும். "இது என் இடம், வேறு யாரும் வராதே!" என்பதுதான் பாட்டின் பொருள். பெண் குருவியை அழைப்பதும் அதே பாட்டுத்தான். மற்றப் பறவைகளின் குரலையும் நடுநடுவே சேர்த்துக்கொள்ளும். அந்தக் காலம் முடிந்தால் பாட்டுக் குறைந்துவிடும்.

ஒரு பொந்து போதும்

மரப்பொந்திலோ, சுவர் ஓட்டையிலோ இது கூடு கட்டும். 4 அல்லது 5 முட்டை இடும். அடைகாப்பது தாய். குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவது தாயும் தந்தையும்.

பழைய மரத்தை வெட்டி, சுவர் ஓட்டையையும் பூசிவிட்டால் இந்தக் குடும்பம் எங்கே போகும்?

இனிய குரலே இதற்கு ஆபத்தாகவும் முடிந்தது. கூண்டில் வளர்க்க இதைப் பிடித்தார்கள். சிங்கப்பூரில் 1920ஆம் ஆண்டுகளில் சாதாரணமாகத் தென்பட்ட இந்தக் குருவி, 1970ஆம் ஆண்டுகளின் முடிவில் அரிதாகிவிட்டது. மைனாக்களின் போட்டியோடு, மனிதர் பிடித்ததும் அதற்கு ஒரு காரணம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம்.

கரிச்சானுக்குக் கூண்டு வேண்டாம். தோட்டத்து மரத்தில் ஒரு பொந்தை விட்டுவைத்தால் போதும். விடியற்காலையில் அது தானாகவே வந்து பாடும்.