பிறையைத் தேடுவது போல் ஓர் ஒளி

ரமழான் 29ஆம் நாள் மாலை மடுல்சீமையில் எங்கள் பாடு என்னவென்று இங்குள்ள சகோதரிகளுக்குத் தெரியும். மஃரிப் வேளையில் மலைமேல் பனிமூட்டம் இறங்கிவிடும். அது விலகும் வரை பிறை காத்திருக்குமா? சற்று நேரத்தில் அடிவானத்தில் மறைந்துவிடும். பிறகு வானொலியை நம்பித்தான் பெருநாள் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டுகிறீர்கள்.

இதே அவசரத்தோடு, பிறையைவிட எத்தனையோ மடங்கு மங்கலான ஓர் ஒளியை விஞ்ஞானிகள் தேடிய கதை இது.

2017 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. நம் நாட்டு நேரப்படி மாலை 6.11. அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகளில் ஓர் ஈர்ப்பு அலை பதிவானது. 13 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி மோதியதால் எழுந்த அலை அது. இந்த நட்சத்திரங்கள் நம் சூரியனைவிடக் கனமானவை. குறுக்களவோ சுமார் 20 கிலோமீற்றர்தான்! 1.7 விநாடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு காமாக்கதிர் மின்னலையும் கண்டது.

லைகோ போன்ற கருவிகள் காதைப் போன்றவை. இரவில் வீட்டுக்கு வெளியே சத்தம் கேட்டால் திசை ஓரளவு புரியும்; என்ன என்பது விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் தெரியும். இத்தாலியின் விர்கோ கருவியும் உதவியதால் தேடவேண்டிய இடம் சுமார் 150 முழுநிலாக்கள் கொள்ளும் பரப்பாகச் சுருங்கியது. அந்த வரைபடம் கிடைத்தபோது நமக்கு இரவு 11 மணி கடந்துவிட்டது. அந்த வானப்பகுதி இங்கே அஸ்தமித்திருந்தது. சிலி நாட்டிலோ இன்னும் பகல். அங்கே சூரியன் மறைந்த பின்னும் அது மேற்கில் கொஞ்ச நேரமே நிற்கும். பிறை பார்ப்பவர்களின் தவிப்புத்தான்!

ஸ்வோப் என்னும் 1 மீற்றர் தொலைநோக்கியில் இருந்தவர்கள் அப்பகுதியின் நட்சத்திரக் கூட்டங்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, பழைய படங்களோடு ஒப்பிட்டார்கள். மோதல் பதிவாகி ஏறத்தாழ 11 மணி நேரத்தில், என்.ஜி.சி. 4993 என்ற கூட்டத்தில் முன்பு இல்லாத ஒரு புள்ளி தெரிந்தது. நீலமாக இருந்த அது சில நாட்களில் சிவந்து மங்கியது. ஒரு வாரம் தாமதித்திருந்தால் கதை வேறு.

அந்தச் சிறு புள்ளியால் என்ன பயன் என்று கேட்பீர்கள். உங்கள் கைவளையலைப் பாருங்கள். தங்கம் போன்ற கனமான தனிமங்கள் எங்கே உருவாகின்றன என்பது நெடுநாள் கேள்வி. நிறம் மாறிய விதம், அத்தகைய தனிமங்கள் அங்கே பெருமளவில் உண்டானதைக் காட்டியது. 2019இல் அந்த ஒளியில் ஸ்ட்ரோன்சியம் அடையாளம் காணப்பட்டது. தங்கத்தின் தனி முத்திரையை யாரும் நேரில் கண்டுவிடவில்லை; அதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லா முறையும் இப்படிக் கைகூடுவதில்லை. 2019 ஏப்ரல் 25இல் இன்னொரு மோதல் பதிவானபோது, வானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தேடவேண்டியிருந்தது. லடாக்கின் ஹன்லேயில், 4,500 மீற்றர் உயரத்திலுள்ள 70 சென்ரிமீற்றர் தொலைநோக்கியும் தேடியது. யாருக்கும் ஒளி அகப்படவில்லை. இடத்தை இன்னும் துல்லியமாகக் குறிக்க மேலும் ஒரு காது வேண்டும். அதற்காகவே மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ கருவியொன்றை அமைக்க இந்திய அரசு 2023இல் அனுமதி அளித்தது.