வண்டி மாடு வாங்குமுன் மூட்டுகளைச் சோதியுங்கள்

உழவு மாடோ வண்டி மாடோ வாங்கச் செல்பவர்கள் முதலில் பார்ப்பது சுழி. அடுத்து கொம்பையும் நிறத்தையும் பார்ப்பார்கள். வாயைப் பிளந்து பல்லை எண்ணி வயதைக் கணிப்பார்கள். பிறகு துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலையை முடித்துவிடுவார்கள். காலைப் பற்றிய பேச்சு, மாடு வீடு வந்து நான்கு நாள் வேலை செய்த பின்புதான் எழுகிறது. வண்டியை இழுப்பது சுழியல்ல, கால்தான். சோடியில் ஒரு மாடு நொண்டினால் மற்றதும் கட்டுத்தறியில் நிற்க வேண்டியதுதான்.

நெய்வேலி நகரியத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் டிராக்டரும் பவர் டில்லரும் பெருகிவிட்டன. ஆனாலும் தொழுவுரம், வைக்கோல், மணிலா மூட்டை ஏற்றவும், இடை உழவு செய்யவும் மாடு வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். 1957-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி தொடங்கிய பின் இந்தச் செம்மண் பகுதியில் தார்ச்சாலைகள் பெருகின. தார்ச்சாலையில் பாரம் இழுக்கும்போது ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் குளம்பு வழியாக மூட்டுகளைத் தாக்கும். டெல்டா வயலின் சேற்றில் பழகிய உம்பளச்சேரி மாடானாலும், கண்ணபுரம் சந்தையில் பிடித்து வந்த காங்கயம் மாடானாலும், மூட்டில் குறை இருந்தால் மண் தரையில் மறைந்திருப்பது இந்தச் சாலையில் வெளிப்பட்டுவிடும்.

மூட்டின் அமைப்பு

முன்னங்காலில் நாம் முட்டி என்று சொல்வது உண்மையில் நம் மணிக்கட்டுக்கு ஒப்பானது. பின்னங்காலில் பின்னோக்கி மடிந்து நிற்பது நம் குதிகாலுக்கு ஒப்பானது. பின்னங்காலின் உண்மையான முட்டி அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. அங்கேதான் முட்டிச்சில்லு உள்ளது.

மூட்டில் சேரும் எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு மூடியிருக்கிறது. மூட்டுப் பையில் ஊறும் நீர் எண்ணெய் போல் உராய்வைக் குறைக்கிறது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய் இல்லை. அதனால் தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் பழையபடி வளர்வதில்லை. "நாலு நாள் ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும்" என்ற தரகரின் பேச்சு, தேய்ந்த மூட்டுக்குப் பொருந்தாது.

சோதிக்கும் முறை

1. படுத்திருக்கும் மாட்டை எழுப்பிப் பாருங்கள். மாடு பின்னங்காலை முதலில் ஊன்றி எழுவதே இயல்பு; குதிரைதான் முன்னங்காலை முதலில் ஊன்றும். எழத் தயங்கினாலும், முதல் சில அடிகள் விறைப்பாக நடந்து பிறகு சரியானாலும் மூட்டுத் தேய்வு என்று ஐயப்பட வேண்டும். ஆகவே, விற்பவர் மாட்டை நடத்திக் காட்டுவதற்கு முன்பே அதிகாலையில் சென்று பார்ப்பது நல்லது.

2. சமதரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் பாருங்கள். நான்கு கால்களிலும் ஒழுங்காக நிற்க வேண்டும். ஒரே காலை அடிக்கடி தளர்த்தி வைத்தால் அந்தக் காலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. புறங்கையால் ஒவ்வொரு மூட்டையும் தொட்டு, இடது காலை வலது காலுடன் ஒப்பிடுங்கள். சூடும் வலியும் உள்ள வீக்கம் புதியது. சூடின்றிக் கல் போல் கெட்டியாக இருப்பது பழைய எலும்பு வளர்ச்சியாக இருக்கலாம்.

4. குளம்பைத் தூக்கி, லாட ஆணியையும் குளம்புகளின் இடுக்கையும் பாருங்கள். மாட்டின் நொண்டலில் பெரும்பகுதி குளம்பிலிருந்தே வருகிறது. ஆணி தவறாக ஏறியிருந்தால் குணப்படுத்தலாம். அதை மூட்டுக் குறையென்று எண்ணி நல்ல மாட்டைத் தள்ளிவிடக் கூடாது.

5. கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, கெட்டித் தரையில் நடத்துங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் ஊன்றும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். பின்னங்காலில் வலி இருந்தால் அந்தப் பக்கத்து இடுப்பு கூடுதலாக ஏறி இறங்கும். இரு பக்கமும் சிறு வட்டமாகத் திருப்புங்கள், சில அடி பின்னோக்கியும் நடத்துங்கள். மூட்டு வலி திரும்பும்போது அதிகம் தெரியும்.

6. இறுதியில் பழகிய பக்கத்திலேயே நுகத்தில் பூட்டி, பாரத்துடன் அரை கிலோமீட்டர் ஓட்டுங்கள். கால் மணி நேரம் நிற்க வைத்து, மீண்டும் நடத்துங்கள். ஓய்வுக்குப் பின் நொண்டினால் அந்த மாடு வேண்டாம்.

தள்ள வேண்டியதும் தள்ள வேண்டாததும்

முன்முட்டியின் மேல் மெத்தென்ற வீக்கம் பெரும்பாலும் கரடான தரையில் படுத்து எழுவதால் வருவது. இது மூட்டுக்கு வெளியே தோன்றும் பை. சூடும் வலியும் நொண்டலும் இல்லையென்றால் இதற்காக மாட்டைத் தள்ள வேண்டியதில்லை. வைக்கோல் பரப்பிய தரை போதும்.

சில மாடுகளில் பின்னங்கால் மடங்காமல் விறைத்துப் பின்னோக்கி இழுபடும். பிறகு வெடுக்கென்று மடங்கும். முட்டிச்சில்லு தொடை எலும்பின் மேட்டில் சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். கால்நடை மருத்துவர் அந்த இடத்தை மரக்க வைத்து ஒரு நாரை அறுத்துவிட்டால், பெரும்பாலான மாடுகள் குணமடையும். சில நிமிட வேலைதான். விலை பேசும்போது இதைக் கணக்கில் கொள்ளலாம்.

சூடுள்ள மூட்டு வீக்கம், எலும்பு வளர்ந்து மடங்காத மூட்டு, பாரம் பூட்டியதும் கூடும் நொண்டல் ஆகியவை இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேலைக்கு வாங்க வேண்டாம். நொண்டும் மாட்டை வேலை வாங்குவது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

ஊசியால் மறையும் நொண்டல்

வலி நீக்கும் ஊசி போட்டால் நொண்டல் தற்காலிகமாக மறையும். டைக்ளோபினாக் மருந்து, பிணந்தின்னிக் கழுகுகளின் அழிவுக்குக் காரணமானதால், கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. வேறு வலி நீக்கிகள் புழக்கத்தில் உள்ளன. எனவே ஒரே நாளில் முடிவு செய்யாமல், சில நாள் இடைவெளி விட்டு இன்னொரு முறையும் நடத்திப் பார்ப்பது பாதுகாப்பு. வெளியூர்ச் சந்தையில் அதற்கு வழியில்லையென்றால், ஊசி எதுவும் போடவில்லை என்ற உறுதியை நம்பகமான இருவர் முன்னிலையில் பெறுங்கள். லாரியில் நெடுந்தூரம் நின்று வந்த மாட்டின் கால் சற்று வீங்குவதுண்டு. ஓய்வும் நடையும் கொடுத்தும் வடியாத வீக்கத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐயம் இருந்தால், முன்பணம் கொடுக்குமுன் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் மாட்டைக் காட்டுவது நலம். ஒரு காலை நேரச் சோதனை, ஒரு பருவத்து வேலையைக் காப்பாற்றித் தரும்.