எதிர்வரிசையில் அண்ணல்: 1954-இன் மூன்று உரைகள்

நாவலூரில் மாணவர்களோடு நாம் நடத்திய வாசிப்புக் கூட்டமொன்றில் ஒரு கேள்வி எழுந்தது. அண்ணல் அம்பேத்கரின் நாடாளுமன்ற உரைகள் அடங்கிய தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்த முதலாண்டு மாணவி ஒருவர், "சீனாவைப் பற்றியும் கோவாவைப் பற்றியும் அண்ணல் இவ்வளவு விரிவாகப் பேசியிருக்கிறாரே, நம்முடைய பிரச்சினைகளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டார். தாம் படிக்கும் கல்லூரியில் இடஒதுக்கீடு பற்றிய கருத்தரங்கென்றால் மட்டுமே தம்மைப் பேச அழைக்கிறார்கள் என்றும், அயலுறவு, பொருளாதாரம் போன்ற தலைப்புகளுக்கு வேறு மாணவர்களே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்றும் பிறகு சொன்னார். கேள்வியின் வேர் அங்கேதான் இருந்தது.

அரசமைப்பு வரைவுக் குழுத் தலைவராகவும் சட்ட அமைச்சராகவும் அண்ணலை அறிந்தவர்கள் பலர். எதிர்க்கட்சி உறுப்பினராக அவர் ஆற்றிய பணியை அறிந்தவர்கள் சிலரே. 1951 செப்டம்பர் 27 அன்று நேருவின் அமைச்சரவையிலிருந்து அவர் விலகினார். அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில் வடக்கு பம்பாய்த் தொகுதியில் தோல்வியுற்றார். 1952 ஏப்ரலில் பம்பாய் மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1954-இல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். அவருடைய பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு அன்றைய மக்களவையில் இருந்தவர்கள் இரண்டே உறுப்பினர்கள். எந்த மசோதாவையும் தோற்கடிக்கும் எண்ணிக்கை அவரிடம் இல்லை. உடல்நலமும் குன்றியிருந்தது. இந்த நிலையில்தான் 1954 ஆகஸ்ட் 26, செப்டம்பர் 6, செப்டம்பர் 16 ஆகிய மூன்று நாள்களில், மூன்று வார இடைவெளிக்குள், அவர் மூன்று உரைகளை நிகழ்த்தினார். முதலாவது அயலுறவு பற்றியது. இரண்டாவது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆணையரின் அறிக்கை பற்றியது. மூன்றாவது தீண்டாமைக் குற்றங்கள் மசோதா பற்றியது. இவற்றைத் தனித்தனியாகப் படிக்கும் வழக்கமே அந்த மாணவியின் கேள்விக்குக் காரணம் என்று கருதுகிறோம்.

இம்மூன்றையும் இணைக்கும் கயிறு, அண்ணலின் பதவி விலகல் அறிக்கையிலேயே கிடைக்கிறது. இந்து சட்டத்தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதால் அவர் விலகினார் என்பது பாடப்புத்தகச் செய்தி. அது உண்மைதான், ஆனால் முழு உண்மையன்று. அமைச்சரவையின் முக்கியக் குழுக்களான அயலுறவுக் குழுவிலோ பாதுகாப்புக் குழுவிலோ தமக்கு இடமளிக்கப்படவில்லை என்பதை அவர் அவ்வறிக்கையில் வெளிப்படையாகக் குறிப்பிட்டார். அரசமைப்பை எழுதக் கொடுத்தவர்கள், எல்லைகளைப் பற்றியும் படைகளைப் பற்றியும் முடிவெடுக்கும் அறைக்குள் அவரை அனுமதிக்கவில்லை. பட்டியல் சாதியினர் மீதான பழைய கொடுமை விடுதலைக்குப் பின்னும் தொடர்வதை அதே அறிக்கையில் சாடினார். நாடு ஆண்டுதோறும் திரட்டும் 350 கோடி ரூபாய் வருவாயில் 180 கோடி இராணுவத்துக்குப் போகிறது என்று கணக்கும் காட்டினார். நண்பர்களின்றி இந்தியா தனித்து நிற்கும்படி செய்த அயலுறவுக் கொள்கையின் நேரடி விளைவு இது என்பது அவர் வாதம். 1952-இல் வரவுசெலவுத் திட்டத்தின் மீது மாநிலங்களவையில் பேசியபோதும் இராணுவச் செலவையே கையிலெடுத்தார். எல்லையில் ஏற்படும் செலவு, சேரிக்கு வரவேண்டிய பள்ளியையும் கிணற்றையும் நிலத்தையும் தின்கிறது என்று அந்தக் கணக்கை நாம் வாசிக்கிறோம்.

ஆகஸ்ட் 26 உரைக்கு வருவோம். அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று திபெத் தொடர்பாக இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பஞ்சசீலக் கோட்பாடுகள் இடம்பெற்றிருந்தன. நாடே அதைக் கொண்டாடிக்கொண்டிருந்த வேளை அது. பஞ்சசீலம் பௌத்தத்தின் அறநெறி, அதற்கு வல்லரசு அரசியலில் இடமில்லை என்றார் அண்ணல். மாவோவுக்கு அதில் நம்பிக்கை இருந்திருந்தால் தம் நாட்டுப் பௌத்தர்களை வேறு விதமாக நடத்தியிருப்பார் என்று சுட்டிக்காட்டினார். லாசாவைச் சீனம் கைப்பற்ற இடம்கொடுத்ததன் மூலம் அதன் எல்லையை நம் எல்லைவரை பிரதமரே கொண்டுவந்துவிட்டார் என்றும் எச்சரித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து 1962-இல் நிகழ்ந்தது அனைவரும் அறிந்தது. கோவா குறித்தும் அவர் பார்வை நடைமுறை சார்ந்தது. தொடக்கத்திலேயே முனைந்திருந்தால் சிறு காவல் நடவடிக்கையே போதுமானதாக இருந்திருக்கும் என்றார். பிரான்சிடமிருந்து அமெரிக்கா லூசியானாவை விலைக்கு வாங்கியதை நினைவூட்டி, விலைகொடுத்துப் பெறுவதையும் ஒரு வழியாக முன்வைத்தார். கோவா இந்தியாவோடு சேர்ந்தது 1961 டிசம்பரில், படை நடவடிக்கையின் வழியாக.

அந்த உரை முழுவதையும் நாம் ஏற்கிறோமா? இல்லை. தென்கிழக்காசிய இராணுவக் கூட்டணியான சீட்டோவை இந்தியா ஒதுக்கக் கூடாது என்றும், கம்யூனிசம் காட்டுத்தீ போன்றது என்றும் அவர் வாதிட்டார். வியட்நாமில் பின்னர் நடந்ததை அறிந்த நமக்கு அந்தக் கூட்டணியின்மேல் அவர் வைத்த நம்பிக்கையில் உடன்பாடில்லை; அது 1977-இல் கலைக்கப்பட்டும் விட்டது. மேற்கிலுள்ள இஸ்லாமிய நாடுகள் ஒன்றுசேரக்கூடும் என்று அவர் அஞ்சிய பகுதியையும் எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். இவற்றை மறைத்துவிட்டு 'தீர்க்கதரிசி' என்று மாலையிடுவது அண்ணலுக்குச் செய்யும் மரியாதையாகாது. பீடத்தில் ஏற்றி வணங்குவதை அவரே கடுமையாக எதிர்த்தவர்.

பதினோரு நாள்களுக்குப் பிறகு, செப்டம்பர் 6 அன்று, அதே இருக்கையிலிருந்து நிலத்தைப் பற்றிப் பேசினார். தற்சார்பான பிழைப்பு இல்லாதவரை தீண்டப்படாதோருக்கு விடுதலை இல்லை. நிலமின்றித் தற்சார்பு இல்லை. தரிசாகக் கிடக்கும் நிலத்தை அரசு கையிலெடுத்து அவர்களைக் குடியமர்த்த வேண்டும், அதற்கு அரசமைப்பைத் திருத்த நேர்ந்தாலும் தயங்கக் கூடாது என்றார். பணத்துக்கு எங்கே போவது? கைவிடப்பட்ட உப்பு வரியை மீண்டும் விதித்து, அத்தொகையைக் காந்தியின் பெயரால் ஓர் அறநிதியாக்கித் தீண்டப்படாதோரின் நலனுக்குச் செலவிடலாம் என்று யோசனை கூறினார். உப்பு வரியை எதிர்த்து நடந்தவரின் பெயரிலேயே உப்பு வரி! ஆளும் வரிசையினருக்கு இது எப்படிச் சுட்டிருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விட்டுவிடுகிறோம்.

நாவலூரில் உட்கார்ந்து இவ்வுரையை வாசிக்கும்போது அது டெல்லியின் பழங்கதையாகத் தோன்றுவதில்லை. இவ்வூர் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில். இம்மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் இங்குள்ள பறையர் மக்களின் நிலையைப் பற்றி அனுப்பிய அறிக்கையே பஞ்சமி நில ஒப்படைப்புக்கு அடித்தளமிட்டது. அந்த நிலங்கள் கைமாறிப்போனதை எதிர்த்து, இதே மாவட்டத்தின் காரணையை முன்வைத்து எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபரில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். இன்று பழைய மாமல்லபுரம் சாலையின் இருபுறமும் கண்ணாடிக் கட்டடங்கள். அருகிலேயே செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், சென்னை நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அடுக்கங்களில் குடியமர்த்தப்பட்டிருக்கின்றன. தரிசு நிலத்தில் உழவராகக் குடியமர்த்தச் சொன்னார் அண்ணல். நடந்தது வேறொரு குடியமர்த்தல்.

மூன்றாவது உரை செப்டம்பர் 16-க்குரியது. அரசமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்து நான்காண்டுகளுக்கு மேல் ஆன பின்னரே அதற்குத் தண்டனை விதிக்கும் மசோதா அவைக்கு வந்தது. அண்ணலின் முதல் எதிர்ப்பு மசோதாவின் பெயர் மீதே எழுந்தது. 'தீண்டாமைக் குற்றங்கள்' என்ற பெயரைக் கேட்டால், சலவை செய்ய மறுப்பது, முடிவெட்ட மறுப்பது, இனிப்பு விற்க மறுப்பது போன்ற சில்லறைத் தகராறுகளுக்கான சட்டம் என்றே எவரும் எண்ணுவர்; குடிமை உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் என்றே அது பெயர் பெற வேண்டும் என்றார். உரிமை பறிக்கப்படுகிறது என்று சொல்வதற்கும், ஒருவர் முறைதவறி நடந்துகொண்டார் என்று சொல்வதற்கும் உள்ள தொலைவு அது.

அடுத்த எதிர்ப்பு, குற்றத்தைச் சமரசம் செய்துகொள்ள அனுமதிக்கும் விதியின் மீது. ஆறு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்பதே சட்டத்தின் உச்ச தண்டனை. அதையும் நீதிமன்ற அனுமதியோடு சமரசத்தில் முடித்துக்கொள்ளலாம். ஏழையான புகார்தாரர் ஊராரின் நெருக்குதலுக்கு அடிபணிவதைத் தவிர வேறென்ன செய்வார்? கூலி, தண்ணீர், கடை என எல்லாமே ஊராரின் கையில் இருக்கும்போது சமரசம் என்பது மிரட்டலின் மறுபெயர். சமூகப் புறக்கணிப்பே சாதி இந்துக்களின் வலிமையான ஆயுதம் என்பதையும், மசோதா அதை உரிய அளவில் எதிர்கொள்ளவில்லை என்பதையும் அவர் விளக்கினார். காவல் நிலைய வாசலில் 'ஒரே ஊர்க்காரர்கள், பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரையைக் கேட்ட களப்பணியாளர்களுக்கு இந்த வாதத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

அன்று அவர் சொல் எடுபடவில்லை. சட்டம் பழைய பெயரோடும் சமரச விதியோடும் 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 21 ஆண்டுகள் கழித்து, 1976-இல், நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. பெயர் 'குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்' என்று மாறியது. சமரசத்துக்கான வாய்ப்பு நீக்கப்பட்டது. குறைந்தபட்சத் தண்டனை வரையறுக்கப்பட்டது. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைத் தனிக் குற்றமாக 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்க்க 2015-ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. இந்த இடைக்காலத்தில் சமரசத்தால் மூடப்பட்ட வழக்குகளில் எத்தனை மனிதர்கள் தலைகுனிந்து வீடு திரும்பினார்கள் என்பதற்கு எந்த அவைக்குறிப்பிலும் கணக்கில்லை.

எதிர்வரிசை உரை வாக்கெடுப்பில் தோற்றாலும் அவைக்குறிப்பில் நிலைக்கிறது. பின்னர் வருபவர் அதை எடுத்து வாதிடலாம். இந்தச் சரடு நம் பகுதிவரை நீள்கிறது. 1942-இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராகப் பொறுப்பேற்றவரும், சென்னை மேயராக இருந்தவருமான என். சிவராஜ், 1957-இல் செங்கல்பட்டிலிருந்தே மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அண்ணலின் மறைவுக்குப் பின் உருவான இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவரும் அவரே. ஈழத்தமிழர் குறித்தோ அயலுறவு குறித்தோ தலித் உறுப்பினர் ஒருவர் இன்று அவையில் எழுந்து பேசினால் 'உங்கள் மக்களின் பிரச்சினையைப் பேசுங்கள்' என்று ஒரு குரல் எழத்தான் செய்கிறது. எவை எவருடைய பிரச்சினை என்று பிரித்துக்கொடுக்கும் அந்த அதிகாரத்தை அண்ணல் ஒருபோதும் ஏற்கவில்லை. திபெத்தைப் பற்றிப் பேசிய மூன்று வாரங்களுக்குள் தரிசு நிலத்தையும் தீண்டாமையையும் பற்றிப் பேசினார். எதற்கும் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஆந்திர மாநில மசோதா மீதான 1953 செப்டம்பர் 2 உரையை எடுத்திருக்கிறோம். கேள்வி கேட்ட மாணவி ஆகஸ்ட் 26 உரையின் நகலை வாங்கிச் சென்றிருக்கிறார். தம் கல்லூரியின் அயலுறவுக் கருத்தரங்குக்கு இம்முறை தாமாகவே பெயர் கொடுக்கப்போவதாகச் சொன்னார்.