நீராவி மாதிரி எஞ்சின் பழுதுபட்டு வந்தால்

ஷோரனூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902-ஆம் ஆண்டில் ரயில் போக்குவரத்துத் தொடங்கிற்று. அந்நாளைய நீராவி எஞ்சின்கள் கொச்சியின் தண்டவாளங்களை விட்டு அகன்று நெடுங்காலமாயிற்று. எனினும், உண்மையாகவே நீரைக் கொதிக்க வைத்து ஆவியால் ஓடும் சிறு மாதிரி எஞ்சின்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவோர் இன்றும் உளர். 45 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையில் ஓடும் இத்தகைய எஞ்சின்களில் பலவற்றை, விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்களே வேலை செய்யும் பட்டறைகள் செய்கின்றன. முன்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற பொருள், அடுப்பேற்றிய அன்றே நகர மறுத்தால் யாது செய்வது?

மட்டாஞ்சேரிக் கடைவீதியில் மிளகு வாங்கும் வணிகர், மூட்டையைக் குத்தூசியால் துளைத்துப் பார்த்த பின்னரே விலை பேசுவார். எஞ்சினைப் பொறுத்தவரை அவ்வாய்ப்பு நமக்கு இல்லை. பொருள் வீடு வந்த பிறகே சோதனை தொடங்குகிறது. ஆகவே பெட்டியைத் திறக்கும்போதே புகைப்படம் எடுத்துக்கொள்வது நலம். எஞ்சினில் பொறித்துள்ள வரிசை எண்ணும் படத்தில் தெளிவாக விழ வேண்டும். அதன் பயன் பின்னர் விளங்கும்.

குறை எஞ்சினுடையதா, நம்முடையதா என்று அறிவதே முதல் வேலை. புதிய எஞ்சின் சற்று இறுக்கமாக ஓடுவது இயல்பே. எரிவாயு வரும் நுண்துளையில் தூசி அடைத்திருந்தால் சுடர் தளர்ந்துவிடும். அதைத் தூய்மை செய்தால் போதும். குளிர்நாட்டில் சரிபார்க்கப்பட்ட எஞ்சினில், கொச்சியின் வெப்பத்தில் பியூட்டேன் வாயுவின் அழுத்தம் மிகுவதால் அடுப்பு ஓலமிடக்கூடும். வால்வைச் சிறிது மூடினால் அது அடங்கும். நம் பகுதிக் கிணறுகளின் உப்புநீரைக் கொதிகலனில் ஊற்றிவிட்டுச் செய்தவரைப் பழிப்பது முறையாகாது.

மெய்யான குறைகளோ வேறு வகையின. நெருப்பே மூட்டாமல், சக்கரங்கள் தரையில் படாதவாறு எஞ்சினைக் கட்டைமேல் நிறுத்திக் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்திப் பார்க்கலாம். இரு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒருமுறை சுழல நான்கு மூச்சு கேட்கும். அவை ஒரே சீராக இன்றி நொண்டினால், வால்வுகள் திறக்கும் வேளை பிசகியிருக்கிறது எனக் கொள்ளலாம். இது பட்டறையிலேயே நேர்ந்த பிழையாகும், திருத்தக்கூடியதே.

கொதிகலன் கசிவு அத்தகையதன்று. அதில் பொறுமை காட்டலாகாது என்பதே நம் கருத்து. பிரிட்டனின் மாதிரி எஞ்சின் சங்கங்களில், புதிய கொதிகலனில் குளிர்ந்த நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப்போல் இருமடங்கு அழுத்தத்தில் சோதிப்பது மரபு. நீர் சுருங்காத பொருள். எனவே பற்றவைப்பு விட்டாலும் சிறு கசிவோடு அழுத்தம் இறங்கிவிடும். நீராவியோ வெடித்துச் சீறும். நம் நாட்டில் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள கொதிகலன்கள் கொதிகலன் சட்டத்தின் வரம்புக்குள் வருவதில்லை. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்திலும் அவ்விலக்கு உண்டு. அரசு ஆய்வாளர் எவரும் இதைப் பார்த்திரார்; செய்தவர் தரும் சோதனைச் சான்றே நமக்குள்ள ஒரே உறுதி. சான்று இல்லையெனில் கேட்டுப் பெறும்வரை அடுப்பை மூட்ட வேண்டாம். காப்பு வால்வை நாமே முடுக்கிப் பார்ப்பது ஒருபோதும் கூடாது.

குறை உறுதியானதும் எஞ்சினைப் பிரிக்காமல் கடிதம் எழுதுக. தொலைபேசியில் பேசுவது உறவுக்கு நல்லது, சான்றுக்கு உதவாது. என்று வந்தது, எத்தனை முறை ஓட்டினோம், என்ன கண்டோம் என்பனவற்றைச் சினமின்றி எழுதி, திருத்தம் வேண்டுமா, மாற்றுப்பொருள் வேண்டுமா, பணம் வேண்டுமா என்பதைத் திட்டமாகக் கூறி, நாள் குறிப்பிடுக. சிறு பட்டறைக்காரரிடம் திருத்தமே முதலில் கேட்கத் தக்கது. அவ்வெஞ்சினின் உறுப்புகளை அவரைத் தவிர வேறு யாரும் செய்து தருவது அரிது. அவர் கடையை மூடினால் நம் வெற்றி காகிதத்தில்தான் நிற்கும். ஆயினும் தாமதம் நமக்குப் பகை. 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி, மறுப்புத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

குறித்த நாள் கடந்தும் மறுமொழி இல்லையேல், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதுவும் பயன்தராவிடில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. விற்றவர் எவ்வூரினராயினும், வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பது இச்சட்டம் தந்த பெரிய வசதி. மட்டாஞ்சேரிவாசி எர்ணாகுளம் மாவட்ட ஆணையத்தை நாடினால் போதும். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணமில்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாள்தொட்டு இரண்டாண்டுக்குள் முறையிட வேண்டும். சோதித்தாலன்றிக் குறையை அறிய இயலாதபோது, ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும். நாம் முன்பே பிரித்துக் குடைந்த எஞ்சின் அங்கே நமக்கெதிராகவே சாட்சி சொல்லும்.

செய்தவர் வெளிநாட்டினராயின், ஆணை பெற்றாலும் அதை நிறைவேற்றுவது கடினம். கடன் அட்டை மூலம் பணம் செலுத்தியிருந்தால் வங்கியிடம் உடனே ஆட்சேபம் எழுப்புவது விரைவான வழி. திருத்தத்துக்கு அனுப்புவதாயின் சுங்கத்தைக் கவனிக்க வேண்டும். அளவு குறைத்த மாதிரிகள் சுங்க அட்டவணையில் விளையாட்டுப் பொருள்களோடு சேர்ந்தவை. (பெரியவர்களின் பொழுதுபோக்கு என்ற சலுகையை அட்டவணை அறியாது.) அவற்றின் அடிப்படை வரி 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. திருத்தம் பெற்று மீளும் பொருளுக்கு முழு விலைமீதும் மறுபடி இவ்வரி கட்டத் தேவையில்லை. திருத்தச் செலவு, இருவழிப் போக்குவரத்து, காப்பீடு ஆகியவற்றின் மீதே வரி கணிக்கும் சலுகை உண்டு. ஆனால் போனதும் வந்ததும் ஒரே பொருள் என அதிகாரி நம்ப வேண்டும். முதல் நாள் படமெடுத்த வரிசை எண் இங்கேதான் கைகொடுக்கும். ஆகவே அனுப்புமுன் வில்லிங்டன் தீவிலுள்ள சுங்க அலுவலகத்தில் விசாரித்து, ஏற்றுமதித் தாளில் அவ்வெண்ணையும், திருத்தத்துக்காக அனுப்புகிறோம் என்பதையும் எழுதச் செய்க. கொதிகலனின் நீரை வடித்து உலர்த்தி, எரிவாயுக் கலத்தை முற்றிலும் காலிசெய்த பின்னரே பெட்டியை மூடுக; வாயு எஞ்சியிருந்தால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.