கடலில் வழிவிடும் முறைமை

தரைவழிச் செல்வோனுக்குப் பாதை முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. எப்பக்கமாகச் செல்லல் வேண்டும், எவ்விடத்தில் நிற்றல் வேண்டும் என்பவற்றை வீதிக் கோடுகளும் விளக்குகளும் அவனுக்கு உணர்த்துகின்றன. கடலிலோ அத்தகைய அடையாளம் யாதுமில்லை. எத்திசையினின்றும் எத்திசைக்கும் கலம் செல்லலாம். அன்றியும், பெருங்கப்பலை மோட்டார் வண்டியைப் போல நினைத்த மாத்திரத்தில் நிறுத்திவிடலும் இயலாது. முழு வேகத்திற் செல்லும் பெரிய எண்ணெய்க் கப்பலொன்று, அதன் இயந்திரம் பின்னோக்கி இயக்கப்பட்ட பின்னரும் சில கிலோமீற்றர் தூரம் ஓடியே ஓய்வடையும். இந்நிலையில், ஒருவர் மொழியை மற்றொருவர் அறியாத இரு மீகாமர்கள் நள்ளிரவில் நடுக்கடலில் எதிர்ப்படின், வழிவிட வேண்டியவர் யார்? இவ்வினாவுக்கு உலகனைத்தும் ஒப்புக்கொண்ட விடையே கடல் மோதல் தடுப்பு விதிகளாகும்.

பாய்க்கப்பற் காலத்தில் இவ்விடயம் பெரும்பாலும் மரபினாலேயே ஆளப்பட்டது. காற்றின் துணையின்றி எக்கலமும் செல்ல இயலாதாகையால், காற்றை நோக்கியே அம்மரபுகளும் அமைந்தன. நீராவிக் கப்பல் தோன்றியபின் நிலைமை மாறிற்று. காற்றுக்கு எதிராகவும் விரைந்து செல்லவல்ல கலங்களுக்குப் பழைய மரபு போதியதாகவில்லை. 1840 ஆம் ஆண்டில் இலண்டன் திரித்துவ மன்றம் நீராவிக் கப்பல்களுக்கென விதியொன்றை வகுத்தது. மோதும் அபாயத்துடன் நெருங்கும் இரு கப்பல்களும் ஒன்றின் இடப்புறம் மற்றதன் இடப்புறத்தை நோக்கக் கடந்து செல்லல் வேண்டும் என்பதே அதன் சாரம். 1863 இல் பிரித்தானியாவும் பிரான்சும் கலந்து வகுத்த விதிகளை அடுத்த ஆண்டின் முடிவுக்குள் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டன. 1889 இல் வாசிங்டனிற் கூடிய சர்வதேச மாநாடு அவற்றைத் திருத்தியது. 1948, 1960 ஆகிய ஆண்டுகளிலும் திருத்தங்கள் நிகழ்ந்தன. இன்று வழங்குவன 1972 இல் இலண்டனில் உடன்பாடாகி, 1977 யூலை 15 இல் நடைமுறைக்கு வந்த விதிகளாகும்.

இவ்விதிகளுள் முதற்கண் அறிய வேண்டுவது, மோதும் அபாயம் உண்டா இல்லையா எனத் துணியும் முறையாகும். தூரத்தே தோன்றும் கலத்தின் திசையைத் திசைகாட்டியினால் அளந்து, சிறிது நேரத்தின் பின் மீண்டும் அளத்தல் வேண்டும். தூரம் குறைந்துகொண்டே வர, திசை மட்டும் மாறாதிருப்பின், இரு கலங்களும் ஒரே புள்ளியை ஒரே வேளையில் அடையப்போகின்றன என்பது தெளிவு. திசை மாறுவதாயின் அக்கலம் முன்னாலோ பின்னாலோ கடந்து செல்லும். எனினும் மிகப் பெரிய கப்பலை அணுகும்போதும், மிக நெருங்கிய நிலையிலும், திசை மாறுகின்றதென்று அமைதி கொள்ளலாகாது என விதி எச்சரிக்கின்றது. ஐயம் எழுமாயின் அபாயம் உண்டென்றே கொள்ளல் வேண்டும்.

ஒன்றையொன்று காணக்கூடிய இயந்திரக் கலங்கள் சந்திக்கும் வகை மூன்றாகும். நேருக்கு நேர் வருவனவாயின் இரண்டும் வலப்புறம் திரும்புதல் வேண்டும். குறுக்காகச் சந்திக்குமாயின், எக்கலம் மற்றதனைத் தன் வலப்புறத்திற் காண்கின்றதோ அதுவே வழிவிடுதல் வேண்டும். இயன்றவரை மற்றதன் முன்னாற் குறுக்கிடாது செல்லல் வேண்டும். ஒன்று மற்றொன்றைப் பின்னிருந்து முந்துமாயின், முந்துவதே விலகிச் செல்லல் வேண்டும்.

இரவிலே இம்மூன்று நிலைகளையும் பிரித்தறியும் வண்ணம் விளக்குகள் அமைந்துள்ளன. கப்பலின் இடப்புறத்திற் செவ்விளக்கும் வலப்புறத்திற் பச்சை விளக்கும் உண்டு. ஒவ்வொன்றும் முன்னிருந்து 112.5 பாகை அளவுக்கே ஒளி வீசும். எஞ்சிய 135 பாகைக்குப் பின்புறத்து வெள்ளை விளக்கு ஒளி தரும். செவ்விளக்கும் பச்சை விளக்கும் ஒருங்கே தோன்றின் எதிர்க்கலம் நேரே வருகின்றது. பின்விளக்கு மாத்திரம் தோன்றின் நாம் அதனைப் பின்தொடர்கின்றோம். வலப்புறத்திலிருந்து குறுக்கே வரும் கலம் தன் இடப்புறத்தைக் காட்டுமாதலின், வழிவிட வேண்டியவனுக்குச் செவ்விளக்கே தெரியும். வழிபெறுவோனுக்குப் பச்சை விளக்கே தெரியும். விளக்கின் நிறமே கடமையை உணர்த்தும் இவ்வமைப்பு மிக்க நுட்பமுடையது.

வழிபெறும் கலத்துக்கும் கடமை உண்டு என்பதைப் பலர் அறியார். அது தன் திசையையும் வேகத்தையும் மாற்றாது செல்லல் வேண்டும். அதன் போக்கை நம்பியே மற்றது விலகுகின்றமையால், இடையில் அது மாறின் இருவர் கணக்கும் பிழைக்கும். ஆயின் வழிவிட வேண்டியது வழிவிடாது வருகின்றது எனக் கண்டால், தானே தக்க செயலில் இறங்கலாம். மற்றதன் செயலால் மட்டும் மோதலைத் தவிர்க்க இயலாத அளவுக்கு நெருங்கியபின் செயலாற்றியே தீரல் வேண்டும். உரிமையைப் பற்றிக்கொண்டு மோதியவனை இவ்விதிகள் மன்னிப்பதில்லை. இன்னும், இயந்திரக் கலமானது கட்டுப்பாடிழந்த கலம், மீன்பிடிக்கும் கலம், பாய்க்கலம் முதலியவற்றுக்கு வழிவிடுதல் வேண்டும். எளிதில் விலகவல்லது, அவ்வாறு விலக இயலாததற்கு இடங்கொடுத்தல் வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

மூடுபனியில் இம்முறை மாறுகின்றது. ஒன்றையொன்று கண்ணாற் காணாத கலங்களுள் வழிபெறும் கலம் என ஒன்றில்லை. ஒவ்வொன்றும் சூழ்நிலைக்கேற்ற பாதுகாப்பான வேகத்திற் செல்லல் வேண்டும். ஓடும் இயந்திரக் கலம் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத இடைவேளையில் நீண்ட ஊதலொன்றை எழுப்புதல் வேண்டும். முன்புறத்தே வரும் கலத்தைத் தவிர்க்க இடப்புறம் திரும்புதலை, அக்கலத்தை முந்தும் வேளையிலன்றி, இயன்றவரை விலக்குதல் வேண்டும்.

இவ்விதியின் அருமையை 1956 யூலை 25 ஆம் நாள் இரவு நிகழ்ந்த அனர்த்தம் உணர்த்தும். நியூயோர்க்கை நோக்கி வந்த இத்தாலியக் கப்பலான அந்திரியா டோரியாவும், அத்துறையினின்று புறப்பட்ட சுவீடன் கப்பலான ஸ்ரொக்ஹோமும் நன்ரக்கெற்றுத் தீவுக்கு அப்பால் ஒன்றையொன்று நெருங்கின. இரண்டிலும் றேடார் இருந்தது. இரண்டும் மற்றதனை அதிற் கண்டன. இத்தாலியக் கப்பல் பனியினூடே ஏறத்தாழ 22 கடல் மைல் வேகத்தில் வந்தது. வலப்புறமாகக் கடக்கலாம் எனக் கருதி அது 4 பாகை மாத்திரம் இடப்புறம் திரும்பிற்று. இடப்புறமாகக் கடக்கலாம் எனக் கருதிய சுவீடன் கப்பல் வலப்புறம் திரும்பிற்று. ஒன்றன் கண்ணுக்கு மற்றது தெரிந்த வேளையில் விலகுதற்கு நேரம் இருக்கவில்லை. 51 பேர் உயிரிழந்தனர்; அந்திரியா டோரியா மறுநாட் காலை மூழ்கிற்று. வழக்கு நீதிமன்றுக்கு வெளியே தீர்க்கப்பட்டமையால் எவர் குற்றம் என்பது தீர்ப்பாகவில்லை. ஆயினும் கருவி காட்டுவதைக் காண்டல் வேறு, முறையாகக் குறித்துக் கணித்தல் வேறு என்னும் பாடம் நிலைத்தது. அரைகுறைத் தகவலை, சிறப்பாக அரைகுறையான றேடார்த் தகவலை, ஆதாரமாகக் கொண்டு முடிவு செய்யலாகாது என்றும், சிறு சிறு திருப்பங்களைத் தவிர்த்து மற்றவன் எளிதிற் காணத்தக்க பெருந்திருப்பத்தை உரிய வேளையிற் செய்தல் வேண்டும் என்றும் 1972 ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

நெருக்கமான நீர்ப்பரப்புகளிற் போகும் கலங்களுக்கும் வரும் கலங்களுக்கும் தனித்தனி ஒழுங்கைகளை வகுத்தல் பிற்காலத்து ஏற்பாடாகும். டோவர் நீரிணையில் 1967 இல் விருப்பத்துக்குரியதாகத் தொடங்கிய இம்முறை, 1977 இற் கட்டாயமாயிற்று. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்கு அப்பாலும் அத்தகைய ஒழுங்கைகள் உள்ளன. கீழைநாடுகளையும் மேலைநாடுகளையும் இணைக்கும் பெருங்கப்பல்கள் அவ்வழியே செல்கின்றன. இவ்விடத்து நம் மீனவர் அறிய வேண்டியதொன்றுண்டு. திறந்த கடலில் மீன்பிடிக் கலத்துக்குப் பெருங்கப்பல் வழிவிடுதல் வேண்டும் என்பது உண்மையே. ஆயின் ஒழுங்கை வழியே செல்லும் கலத்துக்கு மீன்பிடிக் கலம் தடையாகலாகாது. அதனாற் பெருங்கப்பலின் கடமை நீங்கிவிடுவதுமில்லை. மோதும் அபாயம் எழுமாயின் அதுவும் விதிப்படி விலகுதல் வேண்டும். செவ்விளக்கின் கீழ் வெள்ளை விளக்கை ஏற்றித் தான் வலைவிடுதலை அறிவியாத சிறுபடகு, இரவிலே தன் பாதுகாப்பைத் தானே இழக்கின்றது.

விதிகளைப் பின்பற்றினேன் என்பதனாலேயே ஒருவன் பொறுப்பினின்று நீங்கான் என்பதும் இவ்விதிகளுள் ஒன்றாகும். மாலுமிக்குரிய பொது அறிவும் விழிப்பும் அவனிடத்து எதிர்பார்க்கப்படுகின்றன. உடனடி ஆபத்தைத் தவிர்த்தற்கு விதியினின்று விலகவும் அவன் கடமைப்பட்டவன். காவலர் எவருமில்லாத பெருங்கடலில், முன்பின் அறியாத ஒருவனும் தன்னைப் போலவே விதியறிந்து விழித்திருப்பான் என்ற நம்பிக்கையே ஒவ்வொரு கலத்தையும் காக்கின்றது. அந்நம்பிக்கைக்குத் தான் உரியவனாயிருத்தலே ஒவ்வொரு மீகாமனதும் தலையாய கடனாகும்.