கடிகாரமும் முருகைக்கல்லும்

காலங்காட்டும் கருவி கடலின் துயரையும் காட்டுதல் கூடுமோ? சுவிற்சர்லாந்தின் ஒறிஸ் நிறுவனம் 2018இல் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைக்கற்றொடரின் பெயரால் 2000 கைக்கடிகாரங்களை வெளியிட்டு, அத்தொடரை மீள வளர்க்க முயலும் அமைப்பொன்றுக்குத் துணைநின்றது. கடிகார முகப்பிலே அழகிய கடல்நீலம். ஆயின் கடலினுள்ளே நிகழ்வது வேறு.

முருகையுயிர்க்கு நிறமும் உணவும் தருவன அதன் உடலுள் உறையும் நுண்பாசிகளே. நீர் வெம்மையுறின் அவை நீங்கும், உயிர் வெளிறும், வெம்மை நீடிப்பின் பட்டினியால் மடியும். 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் அத்தொடர் பேரளவில் வெளிறிற்று.

முருகைத் துண்டுகளை நீரடிச் சட்டங்களில் வளர்த்து மீள நடுகின்றனர். போற்றற்குரிய பணியே. எனினும் வெம்மை தணியாக்கால் நட்டதும் வெளிறுமன்றோ? நின்ற கடிகாரத்தை முடுக்கி ஓட்டலாம். பட்ட முருகையை அங்ஙனம் உயிர்ப்பித்தல் எவர்க்கும் இயலாது.