விபத்துப் படம்: எடுப்பவரின் பொறுப்பும் அடிபட்டவரின் உரிமையும்

விபத்தைப் படம் எடுப்பது வேறு, அதைப் பரப்புவது வேறு. சாலையில் நடந்ததைப் படம் பிடிக்க இந்தியச் சட்டத்தில் பொதுவான தடை எதுவும் இல்லை. ஆனால் நடுரோட்டில் விழுந்து கிடப்பவரின் அந்தரங்கம் பொதுச்சொத்து ஆகிவிடாது. அந்தரங்கம் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கிய அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் அந்த உரிமையை இழப்பதில்லை என்பதையும் அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. பைக்கின் நம்பர், கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டை, கழன்று கிடக்கும் செருப்பு, இவற்றில் ஒன்றைக் கண்டாலே வீட்டாருக்கு ஆள் அடையாளம் தெரிந்துவிடும். போலீஸார் தகவல் சொல்லும் முன்பே மகனின் உடலைத் தாய் வாட்ஸ்அப்பில் பார்க்க நேர்வதைவிடக் கொடுமை வேறில்லை. உயிர் இருக்கிறதா என்று மருத்துவர் சொல்வதற்குள் ‘ஸ்பாட் அவுட்’ என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

உடை கிழிந்து கிடப்பவரின் அந்தரங்க உறுப்புகள் தெரியும்படி படம் எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு பாயக்கூடும். அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இறந்தவர் விஷயத்தில்தான் சட்டம் தடுமாறுகிறது. இறந்த உடலுக்கும் கண்ணியம் உண்டு என்று நீதிமன்றங்கள் கூறியிருந்தாலும், விபத்தில் இறந்தவரின் படத்தைப் பரப்புவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் இங்கு இல்லை. ஜெர்மனியில் இறந்தவரை இழிவாகக் காட்டும் படம் எடுப்பது 2021 முதல் இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். இந்தியாவுக்கும் அப்படியொரு சட்டம் அவசியம்.

மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியின் காட்சி நல்ல சாட்சியம். அதைப் போலீஸிடம் கொடுக்க வேண்டும், குழுவில் போடக் கூடாது. வெட்டாத அசல் கோப்பு எடுத்தவரின் போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிய பிரதியை விட நீதிமன்றத்தில் அதற்கே மதிப்பு அதிகம்.

இதற்கெல்லாம் முன்பு 108-ஐ அழைப்பதே முதல் வேலை. உதவினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும் என்ற பயம் தேவையில்லை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்கிலிருந்து பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

படம் ஏற்கெனவே பரவிவிட்டால் குடும்பத்தார் முதலில் பதிவின் இணைப்பு, தேதி, பகிர்ந்த கணக்கு ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது நல்லது. பிறகு அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்பலாம். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம். குற்றத்தன்மை இருந்தால் சைபர் கிரைம் போலீஸிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் தரலாம். வாட்ஸ்அப் குழுவில் வந்த படத்தை எல்லோருக்கும் குழு உரையாடலிலிருந்து நீக்கும் வசதி குழு நிர்வாகியிடம் இருக்கிறது. நிர்வாகிகள் அதை உடனே பயன்படுத்த வேண்டும்.